ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9:39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு சிறிய புதுப்பிப்புக் கோப்பை உலகம் முழுவதும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. அதைப் பெற்ற கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. தாமாகவே மறுபடி தொடங்கின, மறுபடியும் நீலத்திரையில் போய் நின்றன. 10:57-க்கு நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த 78 நிமிடங்களில் முடங்கிய கணினிகள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கணக்குச் சொன்னது. உலகில் விண்டோஸ் ஓடும் கணினிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அவை விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்த கணினிகள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

இத்தனை பெரிய முடக்கத்துக்குத் தீர்வு மிகச் சிறியது. கணினியை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், தொடங்க வேண்டும். சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற உள்ஃபோல்டரைத் திறந்து, பெயரில் 291 என்ற எண் உள்ள கோப்பை அழிக்க வேண்டும். அப்புறம் சாதாரணமாகத் தொடங்கினால் கணினி பழையபடி வந்துவிடும். யாருடைய கோப்பும் அழியவில்லை, எந்தக் கணினியையும் ஃபார்மேட் செய்யத் தேவையில்லை. எது பழுது என்று தெரிந்திருந்ததால்தான் இது முடிந்தது.

நம் ஊரில் கணினி தகராறு செய்தால் முதலில் காதில் விழுவது "ஓஎஸ் போட்டுடலாம்" என்ற வார்த்தை. சர்வீஸ் கடைக்காரர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுதைத் தேட ஒரு நாள் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். ஃபார்மேட் போட்டு விண்டோஸை ஏற்ற ஓரிரு மணி நேரம் போதும், கூலியும் நிச்சயம். ஆனால் வாடிக்கையாளருக்கு இதில் இரண்டு நஷ்டம். ஒன்று, டெஸ்க்டாப்பில் வைத்திருந்த படங்கள், டாலி கணக்கு, பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் போகும். இன்னொன்று, பழுதின் தடயமும் சேர்ந்து போகும். ரேமிலோ ஹார்ட் டிஸ்கிலோ இருக்கிற கோளாறு புதிய விண்டோஸைப் பார்த்துப் பயந்து ஓடிவிடாது. சில நாளில் அதே திரை மறுபடி வரும், கடைக்கு மறுபடி போகவேண்டும். பிழைச்செய்தி ஒரு வாக்குமூலம். அதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிற வழக்கம் மாறவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

கணினி ஏன் நிற்கிறது

குரோமோ வேர்டோ திடீரென்று மூடிக்கொண்டால் கணினி முழுவதும் நிற்பதில்லை. நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாம் வேலி போட்ட தனித்தனி இடத்தில் ஓடுகின்றன. ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று நேரடியாகத் தொட முடியாது. எல்லை மீறினால் விண்டோஸ் அந்தச் செயலியை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை ஓடவிடுகிறது.

இந்த வேலிகளைப் போட்டுக் காவல் காப்பது கெர்னல் எனப்படும் உள்மையப் பகுதி. வட்டில் எழுதுவது, நினைவகத்தைப் பங்கிடுவது, திரைக்கும் விசைப்பலகைக்கும் பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. சாதனங்களுக்கான டிரைவர்களும் பெரும்பாலும் அதே இடத்தில், அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. அங்கே ஒரு தவறு நடந்தால் அதைத் தடுக்க மேலே யாரும் கிடையாது. நினைவகத்தில் எதுவெல்லாம் கெட்டிருக்கிறது என்று கெர்னலுக்கே தெரியாத நிலையில் தொடர்ந்து ஓடினால், குப்பையான தகவலை உங்கள் கோப்புகளின் மேல் எழுதிவிடும் அபாயம் உண்டு. அதனால் அது தானே முடிவெடுத்து எல்லாவற்றையும் நிறுத்துகிறது. மின்சாரம் எகிறும்போது வீட்டைக் காப்பாற்ற ஃபியூஸ் போவது போலத்தான் இது. நீலத்திரை என்பது நடந்த விபத்தின் அறிவிப்பு மட்டுமில்லை, அதற்கு மேல் சேதம் வராமல் தடுக்கிற நடவடிக்கையும் அதுவே.

1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அப்போது திரை முழுக்க எண்கள் இருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 அவற்றை எடுத்துவிட்டு ஒரு சோக முகத்தை வைத்தது. 2016-இல் கியூஆர் கோட் சேர்ந்தது. 2025-இல் விண்டோஸ் 11-இல் அந்தத் திரையைக் கறுப்பாக்கிச் சுருக்கிவிட்டார்கள். நிறம் எதுவானாலும் செய்யும் வேலை ஒன்றே.

கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்தில் கெர்னலுக்குள் என்ன நடந்தது என்பதை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. ஒவ்வொரு நிரலாளரும் படிக்கவேண்டிய அறிக்கை அது. புதுப்பிப்புக் கோப்பில் இருந்த விதி 21 உள்ளீடுகளைப் பார்க்கச் சொன்னது. அதைச் செயல்படுத்தும் நிரல் கொடுத்ததோ 20 உள்ளீடுகள். முன்பு வந்த விதிகளில் 21-ஆவது இடத்தில் எதுவாக இருந்தாலும் சரி என்று விட்டிருந்ததால் அதை யாரும் தேடிப் போகவில்லை, பிழையும் தெரியவில்லை. ஜூலை 19 அன்றுதான் முதல்முறையாக அந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தேடவேண்டி வந்தது. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போன நிரல், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தது. சாதாரணச் செயலியாக இருந்திருந்தால் அது மட்டும் மூடியிருக்கும். வைரஸ் எதுவும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மென்பொருள் கெர்னலுக்குள் குடியிருந்ததால் கணினியே நின்றது.

கோப்பைத் திரும்பப் பெற்ற பிறகும் கணினிகள் ஏன் எழவில்லை? கணினி தொடங்கும்போதே அந்த டிரைவரும் ஏறுகிறது. ஏறியதும் பழைய கோப்பைப் படித்துக் கவிழ்கிறது. திருத்தப்பட்ட கோப்பு இணையம் வழியாக வருவதற்கு நேரமே கிடைப்பதில்லை. சிலருக்குப் பல தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்ததில் எப்படியோ இணைய இணைப்பு முந்திக்கொண்டு புதிய கோப்பு இறங்கியிருக்கிறது. 15 தடவை வரை ரீஸ்டார்ட் செய்யவேண்டியிருந்ததாக வாடிக்கையாளர்கள் சொன்னதை மைக்ரோசாஃப்டே குறிப்பிட்டது. மற்ற இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்து சேஃப் மோடைத் திறக்கவேண்டியிருந்தது. சேஃப் மோடில் அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறும். அதில் ஒரு கணினி ஒழுங்காக ஓடுகிறது, சாதாரணமாகத் தொடங்கினால் கவிழ்கிறது என்றால், நாமாகச் சேர்த்த ஏதோ ஒரு டிரைவரோ மென்பொருளோதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வீட்டுக் கணினி எழாமல் போனால் சேஃப் மோடுக்கு எப்படிப் போவது என்பது பலருக்குக் குழப்பம். இரண்டு முறை அடுத்தடுத்துத் தொடங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் நீல மெனுவைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போனால் சேஃப் மோடைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கும் வசதியும், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் அதே மெனுவில் இருக்கின்றன.

திரையில் எதைப் படிப்பது

நீலத்திரை வந்தால் முதல் வேலை, செல்போனில் படம் எடுப்பது. கறுப்பாக மாறாத திரைகளில் சோக முகமும் கியூஆர் கோடும் பெரிதாகத் தெரியும், ஆனால் அவற்றால் பயன் குறைவு. அந்தக் கோட் பொதுவான உதவிப் பக்கம் ஒன்றுக்குத்தான் போகும். கீழே சின்ன எழுத்தில் ஸ்டாப் கோட் என்று ஒரு வரி இருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். சில சமயம் அதற்குக் கீழே எது தோற்றது என்று ஒரு கோப்பின் பெயரும் வரும். ஜூலை 19 அன்று அந்த இடத்தில் கிரவுட்ஸ்ட்ரைக்கின் டிரைவர் பெயரே இருந்தது.

ஸ்டாப் கோடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. வீடுகளில் அடிக்கடி வருபவை சில மட்டுமே. 'டிரைவர் ஐஆர்கியூஎல்' என்று தொடங்கினால் ஒரு டிரைவர் கூடாத நேரத்தில் கூடாத நினைவகத்தைத் தொட்டது என்று பொருள். வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களை முதலில் சந்தேகிக்கலாம். 'மெமரி மேனேஜ்மென்ட்' வந்தால், அதுவும் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு கோட் மாறிமாறி வந்தால், ரேமைப் பார்க்க வேண்டும். 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்றால் விண்டோஸ் தான் இருக்கும் வட்டையே அடைய முடியவில்லை. வட்டு கெட்டிருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம், யாராவது பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) போய் வட்டு இயங்கும் முறையை மாற்றியிருக்கலாம். 'டபிள்யூஹெச்இஏ' என்று தொடங்குவது பிராசஸரே வன்பொருள் கோளாறு என்று முறையிடுவது. அதற்கு ஃபார்மேட் போடுவது வீண் வேலை.

திரையைப் படம் எடுக்கத் தவறிவிட்டால்? விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்ற பக்கம் திறக்கும். நாள்வாரியாக எப்போது எது நின்றது, எந்த மென்பொருள் ஏறியது, எந்தப் புதுப்பிப்பு வந்தது என்று வரிசையாக இருக்கும். விண்டோஸில் இத்தனை வருடமாக இருந்தும் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் இது. எனக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறு தோன்றவில்லை. பிழை தேடுபவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'கடைசியாக என்ன மாறியது?' என்பது, அதற்கு நேரடியான பதில் இங்கே கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை பிரிண்டர் டிரைவர் ஏறியிருக்கிறது, புதன்கிழமையிலிருந்து சிவப்புக் குறிகள் விழுகின்றன என்றால் மேற்கொண்டு தேடவேண்டியதில்லை.

ஈவென்ட் வியூவர் இன்னும் ஆழமான பதிவேடு. அதில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பதிவு சொல்வது ஒன்றே: கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது. காரணத்தை அறிய அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பார்க்கவேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது கணினி உறைந்துபோய் யாரோ பவர் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, எந்த நீலத்திரை என்பதை அந்த எண்ணே சொல்லும்.

80070070 போன்ற எண்கள்

விண்டோஸ் புதுப்பிப்பு தோற்கும்போது வரும் நீளமான எண்களைப் பார்த்து மிரளத் தேவையில்லை. அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி எண்களை நாமே படித்துவிடலாம்.

80070070-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ள 8, வேலை தோற்றது என்பதற்கு. அடுத்து வரும் 007, இது விண்டோஸின் அடிப்படைப் பிழைப் பட்டியலைச் சேர்ந்தது என்பதற்கு. கடைசி நான்கு இலக்கம்தான் உண்மையான செய்தி, அதாவது 0070. இது பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்ட எண். வழக்கமான எண்ணாக மாற்றினால் 7-ஐ 16-ஆல் பெருக்கி 112. விண்டோஸின் பட்டியலில் 112 என்பது வட்டில் இடம் போதவில்லை என்ற பிழை. அவ்வளவுதான் விஷயம். சி டிரைவில் இடத்தைக் காலி செய்தால் புதுப்பிப்பு ஏறிவிடும்.

இதே முறையில் 80070005-இன் கடைசி எண் 5, அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். நிர்வாகி உரிமை இல்லாமல் ஓட்டியிருக்கலாம், அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பூட்டி வைத்திருக்கலாம். 80070002 என்றால் தேடிய கோப்பு இல்லை. 80070020-ஐ மாற்றினால் 32 வரும். வேறொரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டாம். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட் என்று தட்டி, இடைவெளி விட்டு ஹெல்ப்எம்எஸ்ஜி என்று தட்டி, மறுபடி இடைவெளி விட்டு 112 என்று கொடுத்தால் விண்டோஸே விளக்கத்தைச் சொல்லும். இந்தக் கட்டளை இருப்பது தெரியாமல்தான் பலரும் அந்த எண்ணை இணையத்தில் தேடி, எதையெதையோ தரவிறக்கச் சொல்லும் பக்கங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகளே கெட்டிருக்கின்றன என்று சந்தேகம் வந்தால் அதற்கும் உள்ளேயே மருந்து உண்டு. டிஸ்ம் என்ற கட்டளை, பழுதுபார்க்கத் தேவையான நல்ல பிரதிகளைச் சரிசெய்து வைக்கும். எஸ்எஃப்சி என்ற கட்டளை கெட்ட கோப்புகளை எடுத்துவிட்டு அந்த நல்ல பிரதிகளை வைக்கும். டிஸ்மை முதலில் ஓட்டுவதுதான் முறை, ஏனென்றால் மூலப்பிரதியே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியால் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகவேண்டாம். அவற்றால் சரியான கணினிகள் உண்டா என்று தெரியாது, கெட்டவை நிறைய.

செய்தி காட்டும் இடமும் பழுது இருக்கும் இடமும்

பிழைச்செய்தியைப் படிக்கச் சொன்னேன். அதை அப்படியே நம்பவும் கூடாது. பிழை எங்கே கண்ணில் பட்டதோ அந்த இடத்தைத்தான் செய்தி சொல்லும். அது எங்கே பிறந்தது என்பது வேறு விஷயம்.

இதற்கு நல்ல உதாரணம் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் நடந்தது. அவற்றை வாங்கியவர்கள் சில விளையாட்டுகளைத் திறந்தபோது 'கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை' என்று செய்தி வந்தது. விலை உயர்ந்த, நினைவகம் தாராளமாக உள்ள கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதேதான். கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். போகவில்லை. பழுது பிராசஸரில் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை அது கேட்டு வாங்கி நாளடைவில் தன்னையே கெடுத்துக்கொண்டிருந்தது. சுருக்கி வைத்த விளையாட்டுத் தரவை விரிக்கும் கணக்கில் அது தவறு செய்ய, தவறான விடையை வாங்கிய அடுத்த நிரல் நினைவகம் போதவில்லை என்று சொன்னது. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தது. ஏற்கனவே கெட்டுப்போன பிராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது என்பதால் பலர் மாற்றி வாங்கவேண்டியிருந்தது.

அதனால் ஒரே பிழை திரும்பத் திரும்ப ஒரே வேலையின்போது வந்தால் மென்பொருளைப் பாருங்கள். நேரம் காலம் இல்லாமல், வெவ்வேறு முகத்தோடு வந்தால் வன்பொருளைப் பாருங்கள். எல்லா நேரத்துக்கும் பொருந்தும் விதி இல்லை இது, ஆனால் தேடலைத் தொடங்க நல்ல இடம்.

வன்பொருளில் ரேமைச் சோதிப்பது எளிது. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற கருவி கணினியிலேயே இருக்கிறது. இன்னும் கடுமையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் நம்பத்தக்கதல்ல. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதோடு ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் ரேமின் தங்க முனைகளை ரப்பரால் தேய்த்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர ஈரக்காற்றில் முனைகளில் படலம் படிவதும், கழற்றி மாட்டினால் தொடர்பு சரியாவதும் உண்மைதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, மென்மையாகச் செய்தால் தவறில்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில்தான் அவசரம் கூடாது. கணினி இழுத்து இழுத்து ஓடுகிறது, சில கோப்புகளைத் திறந்தால் உறைகிறது, டக் டக் என்று சத்தம் கேட்கிறது என்றால் வட்டு சாகத் தொடங்கியிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு எண்களும் ஏறிக்கொண்டே போனால் அந்த வட்டுக்கு நாள் குறித்தாயிற்று. இந்த நிலையில் வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிச் சரிசெய்கிறேன் என்று இறங்குவது பெரிய தவறு. வட்டின் ஒவ்வொரு மூலையையும் அது படிக்கும். மூச்சு வாங்கும் வட்டு அந்த வேலையிலேயே நின்றுபோகலாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். பழுதுபார்ப்பது அதற்கு அப்புறம்.

எந்தத் திரையும் காட்டாமல் பட்டென்று அணைந்தால் சூடு அல்லது மின்சாரம். பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். சித்திரை வெயிலில் மெத்தைமேல் வைத்த லேப்டாப்புக்கு இது சர்வசாதாரணம். விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதை மாற்றினால் பல லேப்டாப்புகள் மறுபிறவி எடுக்கும். டெஸ்க்டாப் என்றால் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை, யுபிஎஸ் பேட்டரி இரண்டையும் மாற்றி வைத்துப் பார்க்கவேண்டும்.

அற்பக் காரணமும் பெரிய குழப்பமும்

பழைய டெஸ்க்டாப்பில் எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று பிரௌசர் மறுக்கிறதா? மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள் அதற்கு வெளியே இருந்தால் சான்றிதழ் செல்லாது என்றுதான் பிரௌசர் நினைக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டமான சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். விலை சொற்பம், எலெக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும்.

இன்னொன்று, ஷட் டவுன் செய்து மறுபடி போட்டும் சரியாகவில்லை என்பார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்து, மறுபடி போடும்போது அதையே ஏற்றிக்கொள்கிறது. கெர்னலில் தங்கிய சிக்கலும் அதோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப்டைம் என்ற வரியைப் பாருங்கள். தினமும் அணைக்கிற கணினியும் பல நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும்.

பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் கோப்பு இல்லை என்ற செய்தி வந்தால் அந்தக் கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்தில் இருந்து இறக்கிப் போடாதீர்கள். யார் எதைச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று தெரியாது. பெயரில் எம்எஸ்விசிபி140 என்றோ விசிரன்டைம்140 என்றோ இருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் தொகுப்பை நிறுவினால் முடிந்தது.

பிழைச்செய்தி மாதிரியே வேஷம் போட்டு வருபவை பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் பணம் போகிறது. பிரௌசர் முழுத்திரையாகி, கணினி பூட்டப்பட்டுவிட்டது என்று அலறி, இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று வந்தால் அது மோசடி. தன்னுடைய எந்தப் பிழைச்செய்தியிலும் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பேசினால் எதிர்முனையில் இருப்பவர் உங்கள் கணினிக்குள் நுழைந்து ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்பும் மஞ்சளுமான குறிகளைக் காட்டிப் பயமுறுத்துவார். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். டிஸ்ட்ரிப்யூட்டட்காம் 10016 என்ற பதிவைப் பொருட்படுத்தவேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி அல்லது டாஸ்க் மேனேஜர் வழியாக அந்தப் பிரௌசரை மூடினால் போதும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

ஃபார்மேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்த கணினியை வேறு எப்படியும் நம்ப முடியாது. டிஸ்ம், எஸ்எஃப்சி, சிஸ்டம் ரெஸ்டோர் எல்லாம் கைவிட்ட விண்டோஸையும் புதிதாக ஏற்றித்தான் ஆகவேண்டும். அப்போதும் ஒரு படி இருக்கிறது: செட்டிங்ஸில் ரிக்கவரி பக்கத்தில் ரீசெட் என்ற வசதியில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போகும். கடைக்குக் கொடுக்கும் முன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவியையும் கையில் வைத்திருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கப்படும் புதிய விண்டோஸ் 11 கணினிகளில் வட்டு பெரும்பாலும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, உரிமையாளருக்கே தெரியாமல். பயாஸில் ஒன்றை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நகலெடுக்கவும் அது வேண்டும். 2024 ஜூலையில் கோப்பை அழிப்பது மட்டும் நிமிட வேலையாக இருந்தும் நிறுவனங்கள் நாள்கணக்கில் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு கணினிக்கும் அதன் சாவியைத் தேடி, கையால் தட்ட வேண்டியிருந்தது. உங்கள் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பகுதியில் இருக்கும். கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, அந்தக் கணினி இல்லாத வேறு இடத்தில் வையுங்கள்.